அட்ஜஸ்டபிள் ஷாக் வாங்கும் முன்: வண்டி காட்டும் அறிகுறியும் அதற்கான வழியும்

போலோ ஜி.டி., விர்டஸ் ஜி.டி., ஐ20 என் லைன், பழைய ஃபியஸ்டா 1.6 எஸ் என்று வேகமான வண்டி வைத்திருப்பவர்கள் வடசென்னையில் அட்ஜஸ்டபிள் ஷாக், அதாவது இறுக்கத்தைக் குமிழால் கூட்டிக் குறைக்கும் ஷாக், தேடும்போது சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். அலையுது, அடிக்குது, சத்தம் வருது, வளைவில் பிடிமானம் இல்லை. நான்குக்கும் காரணம் வேறு வேறு. அதில் பாதிக்கு மேல் குமிழைத் திருப்பித் தீராது. தீராத குறைக்காக விலை கூடிய செட்டை வாங்கிப் போட்டு, பழைய ஷாக்கே தேவலை என்று சொல்லும்படி ஆவதுதான் இதில் பெரிய நஷ்டம். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

முதலில் குமிழ் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஷாக்கினுள் எண்ணெய் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று ஊசி வால்வு இருக்கும் சின்னத் துளை. மற்றொன்று பிஸ்டனில் அடுக்கியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள் வளைந்து வழிவிடும் பாதை. வண்டி சாய்வது, பிரேக் பிடித்தால் மூக்கு இறங்குவது போன்ற மெதுவான அசைவில் எண்ணெய் சின்னத் துளை வழியாகவே போகும். பள்ளத்தில் சக்கரம் விழும்போது பிஸ்டனைத் தாங்கும் தண்டான ஷாஃப்ட் பல மடங்கு வேகத்தில் ஓடும். அப்போது தகடுகள்தான் பேசும். குறைந்த விலை ஷாக்கில் நீங்கள் திருப்பும் குமிழ் பெரும்பாலும் அந்த ஊசி வால்வை மட்டுமே அசைக்கிறது. சாய்வையும் அலைவையும் அதனால் திருத்தலாம். பள்ளத்து அடியை அதனால் அதிகம் மாற்ற முடியாது.

ஷாக்கைத் தொடும் முன்

டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். 4 அல்லது 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தாலே ஷாக் இறுகிப்போனதாகத் தோன்றும். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தையும் ஷாக்கையும் பிடித்திருக்கும் இணைப்புகளான லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டாப் மவுண்ட் ஆகிய நான்கையும் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விட வேண்டாம். மணலி, எண்ணூர்ப் பக்கம் டிரெய்லர் ஓடி ஓடித் தார் பிதுங்கிய சாலைகளில் தினமும் போகும் வண்டிகளில் ஷாக்குக்கு முன்னால் லிங்க் ராடுதான் தேயும்.

பம்பர் ஓரத்தை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். வண்டி மேலே வந்து ஒரே முறையில் நின்றால் ஷாக் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். பாதி போனது அதில் தப்பிவிடும்.

“ஸ்பீட் பிரேக்கர் தாண்டினா வண்டி ரெண்டு மூணு தடவ ஆடுது”

இது ரீபவுண்ட் குறைவு. அமுங்கிய ஸ்பிரிங் விரியும் வேகத்தைப் பிடித்து நிறுத்த ஷாக்கால் முடியவில்லை. குமிழ் சரியாகத் தீர்த்துவைக்கும் குறை இதுதான்.

குமிழைக் கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்பி, முழுக்க மூடும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே பலம் கொடுத்து இறுக்கக் கூடாது. ஊசியின் முனை அழுந்திக் கெட்டுவிடும். அந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்து, பின்னோக்கி கிளிக் (குமிழ் ஒவ்வொரு படியிலும் “டிக்” என்று நிற்கும் இடம்) எண்ணுங்கள். தளர்ந்த முனையிலிருந்து எண்ணினால் இடது ஷாக்குக்கும் வலதுக்கும் கணக்கு ஒத்துவராது, ஏனென்றால் அந்த முனையில் எல்லை தெளிவாக இருக்காது. 16 கிளிக் ஷாக்கில் 8, 30 கிளிக் ஷாக்கில் 15 என்று நடுவில் தொடங்கி, 16 கிளிக்கில் ஒரு நேரத்துக்கு 2, 30 கிளிக்கில் 4 என்று மாற்றுங்கள். ஒரு தடவைக்கு முன்பக்கம் அல்லது பின்பக்கம், ஒன்று மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் காகிதத்தில் எழுதிவையுங்கள்.

சோதிக்க ஒரே சாலை, ஒரே வேகம் வேண்டும். மாதவரம் உள்வட்டச் சாலையில் விடியற்காலை, போக்குவரத்து இல்லாத நேரத்தில், உங்களுக்குத் தெரிந்த ஒரு மேட்டைத் தேர்ந்துகொண்டு அனுமதித்த வேகத்துக்குள் தாண்டிப் பாருங்கள். ஒரு முறை எழுந்து, அடுத்த இறக்கத்திலேயே அடங்கினால் போதும். அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

முழுக்க மூடியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் ஷாக் போய்விட்டது, அல்லது ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் இல்லை. கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு கடினமான லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்ட வண்டிகளில் இது அடிக்கடி வரும். ஸ்பிரிங் கடினம் 1.8 மடங்கானால், அதே அளவுக்கு அடங்க ஷாக்கின் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். கம்பெனி ஷாக்கில் அது கிடையாது.

“தொடர்ந்து மேடு பள்ளம் வந்தா வண்டி விறைச்சுப் போகுது”

முதல் மேட்டில் நன்றாக இருக்கும். மூன்றாவது, நான்காவதில் ஸ்டீயரிங் குலுங்கி, இடுப்பில் இடிக்கும். வண்டி தாழ்ந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையிலேயே தாழ்ந்துதான் இருக்கிறது. ரீபவுண்ட் அதிகமாக இறுகியிருப்பதால் அடுத்த மேடு வருவதற்குள் சக்கரம் முழுக்க இறங்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பரில் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் மெத்தை) உட்கார்ந்துவிடுகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர் பிரேக் பிடிக்கும் இடங்களில் தார் அலை அலையாகப் பிதுங்கியிருக்கும். அங்கே இந்தக் குறை பளிச்சென்று தெரியும். பலர் இதை “ஷாக் பத்தல, இன்னும் டைட் பண்ணணும்” என்று எடுத்துக்கொண்டு மேலும் இறுக்குகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: முன்பக்கம் 16 கிளிக்கில் 3, 30 கிளிக்கில் 5 அல்லது 6 தளர்த்துங்கள். குறை குறைந்தால் நோய் பிடிபட்டது. மாறாமல் இருந்தால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

“பள்ளத்துல விழுந்தா டமால்னு அடிக்குது”

வடசென்னையில் ஷாக்கை மாற்ற வைப்பது பெரும்பாலும் இந்தச் சத்தம்தான். இங்கேதான் தப்பான செட்டை வாங்குவதும் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சத்தம் எங்கிருந்து என்று முதலில் பிரியுங்கள். முன்சக்கர ஷாக் ஷாஃப்டின் மேல் டஸ்ட் கவரை உயர்த்தி, சீலை ஒட்டினாற்போல ஒரு மெல்லிய கேபிள் டையைச் சுற்றிக் கட்டுங்கள். நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கம் போதும், ஷாஃப்டில் கீறல் விழக்கூடாது. வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை மேலே போய் பம்ப் ஸ்டாப்பர் வரை ஒட்டி நின்றிருந்தால் ஷாக் அடிமட்டம் வரை போகிறது. நடுவிலேயே நின்றிருந்தால் சத்தம் வேறு எங்கோ இருந்து வருகிறது. அதை லிங்க் ராடிலும் மவுண்டிலும் தேடுங்கள். தலைகீழாகப் பொருத்தும் ஸ்ட்ரட்டில் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அமைப்பு) ஷாஃப்ட் உள்ளே மறைந்திருக்கும், அதில் இந்த வழி நடக்காது.

அடிமட்டம் வரை போவதற்குக் காரணம் மூன்று: வண்டியை அதிகம் தாழ்த்தியது, ஸ்பிரிங் மென்மை, பம்ப் ஸ்டாப்பர் நைந்து போனது. தாழ்த்தியதுதான் முதலிடம். 40 மி.மீ. தாழ்த்தினால், மேல்நோக்கிப் போக இருந்த இடத்தில் ஏறக்குறைய அதே 40 மி.மீ. போய்விடும். ஆனால் எல்லாக் காயில் ஓவரிலும் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) அப்படி இல்லை. உயரத்தை மாற்ற இரண்டு வழி உண்டு. ஸ்பிரிங் உட்காரும் காலரை இறக்குவது ஒன்று. வண்டியின் உயரத்தோடு சேர்ந்து ஷாக்கின் பயண இடமும் குறைந்துவிடும். ஷாக்கின் அடிப்பகுதியில் உள்ள பிராக்கெட்டைத் திருகி முழு ஷாக்கின் நீளத்தையே குறைப்பது மற்றொன்று. இதில் ஷாஃப்டின் பயணம் மாறாமல் இருக்கும். இரண்டாவது வகை விலை கூட. ஆனால் வடசென்னைச் சாலைக்கு வாங்குவதென்றால் 30 கிளிக் குமிழை விட இந்த வசதிக்குப் பணம் கொடுப்பது நல்லது. அதிலும் டயர் ஃபெண்டரில் உரசுகிறதா, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் மிதமிஞ்சிச் சாய்கிறதா என்று பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

வண்டி தரையில் நிற்கும்போது, பம்ப் ஸ்டாப்பரின் கீழ் முனைக்கும் ஷாக் உடலின் மேல் முனைக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். முன்பக்கம் 50 மி.மீ.க்குக் குறைந்தால் இந்த ஊர்ச் சாலைக்கு அது ஆகாது என்பது எங்கள் தீர்ப்பு. காலரையோ பிராக்கெட்டையோ உயர்த்திக்கொள்ளுங்கள்; அழகு கொஞ்சம் குறையும், ரிம் தப்பும்.

ஸ்பிரிங் கணக்கும் இங்கேதான் தேவைப்படும். ஒரு முன்சக்கரத்தின் ஸ்பிரிங் மேல் 300 கிலோ எடை இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2.7 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கில், அந்த மூலை வினாடிக்கு ஏறக்குறைய 1.5 முறை ஆடும். 4.8 கிலோ ஸ்பிரிங்கில் 2 முறை. மலிவுக் காயில் ஓவரோடு பல சமயம் வரும் 8 கிலோ ஸ்பிரிங்கில் இது 2.5 முறைக்கு மேல் போய்விடும். 1.5 முதல் 1.8 வரை இருந்தால் நாள்தோறும் ஓட்டவும் வளைவில் நம்பிப் போகவும் முடியும். 2.5 என்பது ரேஸ் டயர் போட்டு சமதளமான டிராக்கில் ஓடும் வண்டிக்கானது. பெட்டியில் வரும் ஸ்பிரிங்கின் எண்ணைக் கடைக்காரரிடம் கேளுங்கள். ஸ்பிரிங்கின் மேலேயே பல சமயம் அச்சடித்திருக்கும். “எட்டு கிலோண்ணே, சூப்பரா நிக்கும்” என்று சொன்னால் வேறு ஸ்பிரிங் போட்டுத் தருவாரா என்று கேளுங்கள். முடியாதென்றால் வேறு செட் பாருங்கள்.

“சக்கரம் தொங்கும்போது டக்குனு ஒரு சத்தம்”

ஸ்பீட் பிரேக்கரின் மறுபக்கம் இறங்கும்போதோ பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போதோ இது வரும். மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் இது. 300 கிலோ எடைக்கு 2.7 கிலோ ஸ்பிரிங் 111 மி.மீ. அமுங்கி நிற்கும். 4.8 கிலோ ஸ்பிரிங் 62 மி.மீ. அமுங்கும். 8 கிலோ ஸ்பிரிங் 37 மி.மீ. மட்டுமே அமுங்கும். அதாவது சக்கரம் 37 மி.மீ. இறங்கியதும் ஸ்பிரிங் முழுக்க விரிந்துவிடும். அதற்குக் கீழே பள்ளம் இருந்தால் ஸ்பிரிங் காலரை விட்டு எழும், ஷாக்கும் முழு நீளத்தை எட்டி உலோகத்தோடு உலோகம் இடிக்கும்.

ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். தளர்ந்து சுற்றினால் சத்தத்தின் காரணம் கையில் கிடைத்துவிட்டது. சின்ன ஹெல்பர் ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தால் பெரிய ஸ்பிரிங் இடத்தை விட்டு நகராது. காலரை ஏற்றி ப்ரீலோட் கொடுப்பதும், அதாவது சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியிருக்கச் செய்வதும், ஒரு வழிதான். ஸ்பிரிங் தளராமல் இருக்கும் அளவுக்கு, 5 மி.மீ. வரை போதும். ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. சக்கரம் தொங்குவதற்கு இருந்த இடம்தான் குறையும்.

“மெதுவா போனா கட கடன்னு வருது”

முன்பே லிங்க் ராட் பார்த்தாகிவிட்டது என்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள். காயில் ஓவரின் பூட்டுக் காலர் தளர்ந்திருக்கும். இரண்டு ஹூக் ஸ்பானரால் ஒன்றுக்கொன்று எதிராக இறுக்குங்கள். ஸ்டீயரிங் திருப்பும்போது மட்டும் “டிங்” என்று ஸ்பிரிங் துள்ளும் சத்தம் வந்தால் டாப் மவுண்ட் பேரிங் சுற்றவில்லை. ஆற அமர, சீராக மெதுவான வேகத்தில் மட்டும் வரும் சின்ன லொடலொடப்பு பில்லோ பால் மவுண்டின் (ரப்பருக்குப் பதில் உலோகப் பந்து உள்ள டாப் மவுண்ட்) பந்து தேய்ந்ததாக இருக்கும்; தூசியும் மழைநீரும் அதைச் சீக்கிரம் தின்னும். நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு ரப்பர் மவுண்ட் உள்ள செட்டையே எடுங்கள்.

நடு ஷாஃப்ட் நட்டை ஏர் கன்னால் இறுக்கியதாலும் சத்தம் வரும். துப்பாக்கி அடிக்கும்போது ஷாஃப்டும் சேர்ந்து சுற்றி, உள்ளே பிஸ்டன் நட்டு தளரலாம், சீலும் கெடலாம். ஷாஃப்டின் தலையில் உள்ள அறுகோணத் துளையில் ஆலன் கீ வைத்துப் பிடித்து, கையால் இறுக்கச் சொல்லுங்கள். “அண்ணே, அந்த நட்டுக்கு மட்டும் கன் வேணாம்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. லோயர் ஆர்ம், பின் ஷாக் புஷ் போன்ற ரப்பர் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும்.

“வளைவுல முன்பக்கம் தள்ளுது, பின்பக்கம் பிச்சுக்குது”

இந்த வண்டிகள் எல்லாமே முன்சக்கர டிரைவ். வளைவின் நடுவில், ஸ்டீயரிங்கும் வேகமும் மாறாமல் போகும்போது வரும் குறையை ஷாக் குமிழ் திருத்தாது; அது டயர், ஸ்பிரிங், சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் சமாச்சாரம். நுழையும்போதும் வெளியேறும்போதும், எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும் அந்த இடைவெளியில்தான் ஷாக்குக்கு வேலை.

நுழையும்போது முன்பக்கம் தள்ளினால் பின் ஷாக்கை 2 கிளிக் இறுக்குங்கள், அல்லது முன் ஷாக்கை 2 கிளிக் தளர்த்துங்கள். வெளியேறி ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது உட்புற முன்சக்கரம் சுழன்றால் முன் ரீபவுண்டைத் தளர்த்துங்கள். சக்கரம் சாலையைத் தொட்டு இறங்க அவகாசம் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் நழுவுவதுபோல் இருந்தால் பின் ஷாக் மிதமிஞ்சி இறுகிவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை வரும் மாதங்களில், பின்பக்கத்தை 2 அல்லது 3 கிளிக் தளர்த்தியே வைத்திருங்கள். ஈரத்தில் இறுகிய பின்பக்கம் எச்சரிக்கை கொடுக்காமல் போகும்.

குமிழ் ஒன்றே இருந்து ரீபவுண்டும் கம்ப்ரஷனும் (ஷாக் அமுங்கும்போது வரும் பிடிப்பு) சேர்ந்து மாறும் வகைகளில் இந்தத் திருத்தம் முழுக்கச் சுத்தமாக வராது. ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்றும் நகரும். அதைத் தெரிந்துகொண்டு சின்ன அளவில் மாற்றுங்கள்.

டிராக்கில் சில சுற்றுகளுக்குப் பிறகு மிதக்கிறது

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். தொடர்ந்து ஓட்டினால் ஷாக் எண்ணெய் சூடேறி இளகும். இரட்டைக் குழாய் ஷாக்கில் காற்று எண்ணெயோடு கலந்து நுரைத்தால் பிடிப்பு குறைந்துவிடும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் வாயுவையும் எண்ணெயையும் மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால் அந்தக் குறை வராது, வெளிச்சுவரில் நேரடியாகச் சூடும் இறங்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு டிராக் நாள் மட்டும் என்றால் இதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். ஓட்டிவிட்டு வந்து ஆறவிட்டுப் பாருங்கள். ஆறியதும் பழைய பிடிப்பு திரும்பினால் ஷாக் நல்லது. திரும்பவில்லையென்றால் சீலோ வாயுவோ போய்விட்டது.

குமிழ் சுற்றவில்லை, காலர் இறுகிப்போச்சு

காசிமேட்டிலிருந்து எர்ணாவூர், எண்ணூர் வரை கடலை ஒட்டி வண்டி நிறுத்துபவர்களுக்கு இது நிச்சயம் வரும். உப்புக் காற்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அலுமினியக் காலரும் எஃகு உடலும் உப்பு ஈரத்தில் ஒன்றாக நிற்கும்போது அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகப் பூத்து மரைக்குள் இறுகும். அதைச் சுத்தியால் தட்டிக் கழற்றினால் காலரின் காடி உடையும்.

நைலான் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்னத் திருப்பு, பிறகு தளர்த்தும் பக்கம் என்று முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இருக்கும்போது காலரைத் திருப்பக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிவிட்டே செய்யுங்கள். கழன்றதும் சாதாரண கிரீஸ் தடவ வேண்டாம், மணலைப் பிடித்துவைத்து மரையை அரைத்துவிடும். உலர்ந்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஸ்பிரே அடித்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டி மரைமேல் உறையாகப் போட்டுவிடுங்கள். மேல் குமிழுக்கும் ஒரு ரப்பர் மூடி வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் குமிழை முழுக்க இரண்டு முனைக்கும் ஒரு முறை ஓட்டிவிட்டு, பழைய கிளிக்குக்கே கொண்டுவாருங்கள்.

கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் நீர் நின்று, அதற்குள் போய்வந்திருந்தால் டஸ்ட் கவரை உயர்த்திச் சேற்றை நல்ல நீரில் கழுவுங்கள். ஷாக்குக்குள் தண்ணீர் போகாது. கவருக்குள் தங்கும் நுண்மணல்தான் ஷாஃப்டின் குரோமைக் கீறி, பிறகு சீலைக் கிழிக்கும்.

எண்ணெய் கசிவு

சீலைச் சுற்றி லேசாகப் பனித்தது போன்ற ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள், அது சாதாரணம். உடல் நெடுக வழிந்து தூசி பிடித்திருந்தால் சீல் போய்விட்டது. ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகக் குழி தட்டுப்பட்டால் புதுச் சீல் போட்டாலும் நிற்காது.

எதை வாங்குவது

அலைவு மட்டும்தான் குறை, வண்டியின் உயரம் பிடித்திருக்கிறது என்றால் காயில் ஓவரே வேண்டாம். ரீபவுண்ட் மட்டும் மாறும் கோனி ஸ்போர்ட் போன்ற ஷாக்கும் கம்பெனி ஸ்பிரிங்கும் போதும். கிளிக் கிடையாது, சுமார் இரண்டு சுற்றுக்குள் மென்மையிலிருந்து இறுக்கம் வரை போகும். சில வண்டிக்கான மாடலில் மேலிருந்தே திருப்பலாம். சிலவற்றில் ஷாக்கைக் கழற்றி முழுக்க அமுக்கித்தான் திருப்ப வேண்டும். அந்த வகையா என்று வாங்கும் முன் கேளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முழு நாள் வேலை.

குமிழே தேவையில்லாதவர்களும் உண்டு. பில்ஸ்டைன் பி6 கம்பெனி உயரத்துக்கும், பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கும் செய்தவை, வால்வு நிலையானது. தாழ்த்திய வண்டியில் நீளமான ஷாக் பொருத்தினால் மேல்நோக்கிய பயணம் போய்விடும் என்பதற்காகவே இந்த இரண்டு வகை. பி14 காயில் ஓவரில் உயரம் மட்டும் மாறும், பிடிப்பு மாறாது. பி16இல் இரண்டும் மாறும். மற்ற காயில் ஓவர்களில் டெயின் ஃப்ளெக்ஸ் இசட் 16 கிளிக், பி.சி. ரேசிங் பி.ஆர். 30 கிளிக், பி.சி. ரேசிங்கில் ஒரே குமிழ் ரீபவுண்டையும் கம்ப்ரஷனையும் சேர்த்து மாற்றுகிறது. கிளிக் எண்ணிக்கை கூடினால் தரம் கூடியது என்று அர்த்தமில்லை, படிகள் சிறியவை, அவ்வளவுதான்.

கையில் பணம் குறைவு என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் புது மவுண்ட், புஷ், லிங்க் ராட். அடுத்து கம்பெனித் தரத்து ஷாக், நான்கும் புதியதாக. அதற்கு மேல் பணம் இருந்தால் ரீபவுண்ட் மாறும் ஷாக். காயில் ஓவர் கடைசியில். பெயர் தெரியாத 30 கிளிக் செட்டின் விலையில் முதல் இரண்டையும் செய்து நல்ல டயரும் போட முடியும் என்றால், டயரோடு போகும் வழியையே சொல்வோம்.

இந்த வண்டிகளில் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்கும் கம்பி); ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. செட்டில் பின்பக்கத்துக்கு வருவது தனி ஸ்பிரிங்கும் உயரம் மாற்றும் ஒரு தட்டும்தான். சிலவற்றில் பின் ஷாக்குக்குக் குமிழ் இருக்கவே இருக்காது. பெட்டியைத் திறந்து பார்த்தே காசு கொடுங்கள். சீல், டாப் மவுண்ட், டஸ்ட் கவர் தனித்தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைக்காத செட்டில் ஒரு சீல் போனால் முழு ஷாக்கும் போச்சு.

புதுப்பேட்டையில் பழைய ஷாக் வாங்குபவர்கள் ஷாஃப்டை முழுக்க அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைக் குழாய் வகையில் வாயு அழுத்தம் 20 பார் அளவில் இருக்கும், 14 மி.மீ. ஷாஃப்டை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 30 கிலோ. கையால் எளிதில் அமுங்கி, தானாக எழாமல் நின்றால் வாயு போயிருக்கிறது, எடுக்காதீர்கள். இரட்டைக் குழாய் வகை மெதுவாகத்தான் எழும், வாயு இல்லாதது எழவே எழாது, அதில் குற்றமில்லை. அமுக்கும்போதும் இழுக்கும்போதும் ஓரிடத்தில் விட்டுக்கொடுப்பதுபோல வெற்றிடம் தட்டுப்பட்டால் எண்ணெய் குறைந்திருக்கிறது. இடது வலது இரண்டும் ஒரே எண் உள்ள ஜோடியாக இருக்க வேண்டும்.

பொருத்தும் நாளில்

இரட்டைக் குழாய் ஷாக்கைக் கிடத்தி வைத்திருந்தால் காற்று உள்ளே புகுந்திருக்கும். நேராக நிறுத்தி, முழுக்க இழுத்து முழுக்க அமுக்கி, சீரான பிடிப்பு வரும்வரை நான்கைந்து முறை செய்த பிறகே மாட்டுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்ற இரண்டு பக்கமும் சமமாக இறுகும் கம்ப்ரஸர் வேண்டும். கயிறு கட்டியோ நட்டை ஒரே அடியாகக் கழற்றியோ செய்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் பழைய பிராக்கெட்டிலேயே பூட்டப்பட வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, அவை இழுபடவில்லையா என்று பாருங்கள்.

உயரத்தை வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளவெடுங்கள். இடது வலது வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் போதும். அதன் பிறகு அலைன்மென்ட். உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் அது சாய்ந்திருக்கும் கோணம்) மாறும், டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் எல்லைக்குள் வரக்கூடியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், கம்பெனி ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் தூக்கிப் போடாதீர்கள்.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கி உட்காரும். 500 கிலோமீட்டர் ஓடியதும் உயரத்தை மறுபடி அளந்து, பூட்டுக் காலர், டாப் மவுண்ட் நட்டு, ஸ்ட்ரட் போல்ட் ஆகியவற்றை டார்க் ரென்ச் வைத்து சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள். உயரம் 5 மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் அலைன்மென்டை இன்னொரு முறை எடுக்க வேண்டும்.